இயல்பைவிட, போன ஆண்டைவிட… செய்தியில் வந்த ‘விட’ உங்களை எங்கே இடித்தது?

பழைய டெஸ்க்:
ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். அக்டோபர் பிறந்தால் போதும், ‘வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட இத்தனை சதவீதம் அதிகம்’ என்று நிருபர்கள் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். கணக்கே அக்டோபர் 1-இல்தான் தொடங்குகிறது. முதல் சில நாட்களுக்கு இயல்பு, அதாவது பல ஆண்டுச் சராசரி, 10 மி.மீ. என்று வையுங்கள். ஒரு இடிமழையில் 30 மி.மீ. கொட்டினால் ‘200 சதவீதம் அதிகம்’! தலைப்பைப் பார்த்தால் ஏரி உடைந்த மாதிரி இருக்கும். ஏரிக்குள் போய்ப் பார்த்தால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

வானிலை ஆய்வு மையத்துக்கோ 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பான மழைதான். 20-ஐத் தொட்டால் ‘அதிகம்’, 60-ஐத் தொட்டால் ‘மிக அதிகம்’. எங்கள் டெஸ்க்கில் 8 சதவீதமே ‘இயல்பைவிட அதிகம்’ ஆகிவிடும். பொய்யென்று சொல்ல முடியாது. “இயல்பான மழைன்னு தலைப்பு வெச்சா எவன்யா படிப்பான்?” என்பார் செய்தி ஆசிரியர். அதுவும் நியாயம்தான்.

அந்த இயல்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2022-இல் 1961–2010 சராசரியை விட்டு 1971–2020 சராசரிக்கு மாறினார்கள். நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை இயல்பு 880.6 மி.மீ.-இலிருந்து 868.6 ஆனது. பழைய இயல்பு அளவுக்கே மழை பெய்தாலும் இப்போது ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும்.

டெல்டாக்காரன்:
அண்ணே, எங்க பக்கம் ஒரு வருஷம் நட்ட சம்பா முழுக்க மூழ்கியது. வடிந்தபின் மறுநடவு. அப்புறம் கதிர் வரும் நேரத்தில் சொட்டு மழை இல்லை. மூன்று மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் இயல்பைவிட அதிகம்! நிவாரணம் கேட்கப் போன இடத்தில், “மழைதான் நல்லா பெஞ்சிருக்கே” என்று பேப்பரைக் காட்டினார் அந்த அலுவலர். முதல் நான்கு நாளிலேயே பெய்து தீர்த்துவிட்டது என்று அந்த வரியில் எங்கே இருக்கிறது?

தென்கடலோரம்:
எனக்கு நேர்மாறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ‘ஓராண்டு மழையைவிட அதிகம்’ என்று போட்டார்கள். சதவீதம் எதுவும் இல்லை. துபாயிலிருந்த மாமாவுக்கு அந்த ஒரு வரியே போதும், லைன் கிடைக்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தார்.

கணக்கு டீச்சர்:
மழையை விடுங்கள், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வாருங்கள். 2024-இல் தேர்ச்சி சதவீதம்: மாணவிகள் 96.44, மாணவர்கள் 92.37. ‘மாணவர்களைவிட மாணவிகள் 4.07 சதவீதம் அதிகம்’ என்று செய்தி. அது சதவீதப் புள்ளி, அதாவது ஒரு சதவீதத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தது. சதவீதமாகப் போட்டால் 4.41 வரும். சரி, அதை விடுவோம். தேறாதவர்களைப் பாருங்கள்: மாணவிகளில் 3.56, மாணவர்களில் 7.63. பெண்களைவிடப் பையன்கள் இரண்டு மடங்குக்கு மேல் தோற்றிருக்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது தமிழ் ஐயா தவிர யாரும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவரும் வேறொரு செய்தியில் ‘விட’வுக்குப் பின்னால் ஒற்று விட்டுப்போனதைத்தான் காட்டினார்.

பழைய டெஸ்க்:
டீச்சர், பையன்கள் தோற்ற கணக்கை நாங்களும் தலைப்பாகப் போட்டிருக்க மாட்டோம். மாணவிகள் துள்ளிக் குதிக்கிற படம் பத்து மணிக்கே வந்துவிடும். தலைப்பு அதற்குத்தான்.