வெப் ஃபான்ட் வராத நேரத்தில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது? அனுபவம் சொல்லுங்கள்

மாட்டுத்தாவணிக்காரன்:

பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு அன்றாட விலைப் பட்டியல் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம், பக்கத்தில் கிலோ விலை, அவ்வளவுதான். ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று ஹிந்த் மதுரையை வெப் ஃபான்டாக, அதாவது பக்கத்தைத் திறக்கும்போது நெட்டிலிருந்து இறங்கி வருகிற ஃபான்டாகப் போட்டோம், அதில் குறையில்லை. தொந்தரவெல்லாம் அது இறங்கி வருவதற்குள் தெரிகிற மாற்று ஃபான்டில்தான்.

கடையில் இருப்பது பழைய விண்டோஸ் 7, அங்கே அதோடு கூடவே வந்த லதா என்ற தமிழ் ஃபான்ட் தெரிகிறது. லதா நல்ல அகலம். கனகாம்பரத்தின் கடைசி ‘ம்’ பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற விலை மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. பூ கொண்டுவருகிற உசிலம்பட்டி, திருமங்கலம் ஆட்களிடம் ஆண்ட்ராய்டு, அதில் பெரும்பாலும் நோட்டோ தமிழ். முதலாளி மகனிடம் ஐபோன், அதில் தமிழ் சங்கம் எம்என். ஒரே பட்டியல், ஆளுக்கொரு அகலம், ஆளுக்கொரு உயரம். அதிகாலையில் சிக்னல் இழுக்கும்போது முதலில் மாற்று ஃபான்ட் தெரிந்து, அப்புறம் ஹிந்த் மதுரை வந்ததும் வரிகள் குதிக்கும். மல்லியைத் தொடப் போன விரல் பிச்சியில் விழும்.

மாற்று ஃபான்டின் பெயர் சொல்லாமல் சான்ஸ்-செரிஃப் என்ற பொது வகையை மட்டும் எழுதிவிட்டால் பிரவுசர் தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதனால் ஹிந்த் மதுரைக்கு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா யுஐ, தமிழ் சங்கம் எம்என், லதா, கடைசியில்தான் சான்ஸ்-செரிஃப் என்று வரிசை கொடுத்தேன். நிர்மலா விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. லதாவும், விஜயா என்கிற இன்னொரு பழைய தமிழ் ஃபான்டும் விண்டோஸ் 10-இல் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கூடுதல் ஃபான்டாகப் போய்விட்டன, அவற்றை மட்டும் நம்பி வரிசை எழுதியவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். லதாவுக்கு சைஸ்-அட்ஜஸ்ட் போட்டுக் கொஞ்சம் சுருக்கலாம் என்பார்கள், ஆனால் அந்த வசதி வராத பழைய பிரவுசர்தான் கடையில் ஓடுகிறது. கட்டத்தையே அகலமாக்கினேன், வேலை முடிந்தது.

திருமங்கலம் தம்பி:

அண்ணே, லைன்-ஹைட்டை, அதாவது எழுத்தளவுக்கு எத்தனை மடங்கு வரி உயரம் என்பதை விட்டுவிட்டீர்களே. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கிற 1.2 நமக்குப் போதாது. பட்டனுக்குள் ‘பூ’ என்று எழுதினால் கீழ்ச் சுழி வெட்டுப்படும், ‘கீ’ என்றால் மேல் கொக்கி வெட்டுப்படும். நான் 1.6-க்குக் கீழே இறங்குவதே இல்லை. அப்புறம் தடித்த எழுத்து. மாற்று ஃபான்டில் போல்டு இல்லையென்றால் பிரவுசரே கோட்டைத் தடிமனாக்கிக் காட்டும். ‘ஞாயிறு’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், ஞ-வின் சுழியெல்லாம் மை ஊறின மாதிரி அடைத்துக்கொள்ளும். ஃபான்ட்-சிந்தசிஸ் நன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் போலித் தடிமனும் வராது, போலிச் சாய்வும் வராது. சாய்வெழுத்து தமிழுக்கு எதற்கு என்பது தனிச் சண்டை.

கல்யாணப் பத்திரிகைக் கடை:

நீங்கள் பேசுவதெல்லாம் யூனிகோடாக, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இருந்தால்தான். எங்களிடம் வருகிற பாதி வாசகம் இன்னும் பாமினியில்தான், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த பழைய ஃபான்டில்தான் அடித்து வருகிறது. அதை அப்படியே பக்கத்தில் ஒட்டி பாமினி ஃபான்டைப் போட்டால் அது வந்து சேரும்வரைக்கும், ஏன் வராமலே போனாலும், ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்து நிற்கும். எந்த மாற்று ஃபான்டும் அதைக் காப்பாற்றாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அப்புறம் வரிசையைப் பற்றி யோசியுங்கள். மாற்றியதும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், பெண் வீட்டார் பெயரில் கால் ஒன்று விழுந்தால் யார் பதில் சொல்வது.

மாட்டுத்தாவணிக்காரன்:

தம்பி சொன்ன 1.6 போட்டேன், ‘பூ’ முழுசாகத் தெரிகிறது. இன்னொன்று, ரூபாய்க் குறி யூனிகோடில் சேர்ந்ததே 2010-இல்தான். கடைக் கம்ப்யூட்டரில் அது வெறும் பெட்டியாக வருகிறது. அதற்கென்று ஒரு ஃபான்டைத் தேடாமல் ‘ரூ.’ என்றே எழுதிவிட்டேன், யாரும் கேட்கவில்லை.