ஆறு என்ற எண்ணுக்கு எங்கெல்லாம் வேலை இருக்கிறது?

கேள்வி: பனித்துகளைப் பெரிதாக்கி எடுத்த படம் பார்த்தேன், அச்சாக ஆறு கை. பூச்சிக்கும் ஆறு கால், தேனடை அறைக்கும் ஆறு பக்கம். வேறு எங்கெல்லாம் இந்த எண் வருகிறது, சொல்லுங்களேன்.

பதில்: கணக்கில் இதுதான் முதல் நிறைவெண், அதாவது தன்னை விட்ட மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண். தன்னை விட்டுவிட்டால் இதன் வகுத்திகள் 1, 2, 3. கூட்டினாலும் 6, பெருக்கினாலும் 6. அடுத்த நிறைவெண்ணான 28இல் கூட்டல் சரியாக வரும், பெருக்கல் வராது. எனக்கு ரொம்பப் பிடித்த எண்.

பதில்: தேனடை சும்மா இல்லை. வட்டமாகக் கட்டினால் நடுவில் சந்து விழும்; சம அளவு அறைகளை இடைவெளியில்லாமல், குறைந்த சுவரோடு அடுக்க அறுகோணம்தான் வழி என்று 1999இல் கணிதவியலர் தாமஸ் ஹேல்ஸ் நிறுவினார்.

பதில்: கார்பனின் அணு எண்ணும் (அணுவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) 6. அப்புறம் நம் மொழியில் நதியும் ஆறு, வழியும் ஆறு, புண் ஆறுவதும் அதே சொல்தான்.