9800எக்ஸ்3டி + 5080 பில்ட்: பார்ட்ஸ் ஒண்ணுக்கொண்ணு சேருமா? வாங்குறதுக்கு முன்னால பார்த்துச் சொல்லுங்க

தேரிக்காட்டான் (இட்டமொழி):

எல்லாருக்கும் வணக்கம். 1440பி மானிட்டர் கையில இருக்கு. அதுக்கு ஏத்த மாதிரி கேம் விளையாட முரட்டு கம்ப்யூட்டர் ஒண்ணு பார்ட்ஸா வாங்கிச் சேர்க்கலாம்னு லிஸ்ட் எழுதியிருக்கேன். ஒண்ணு சேரலேன்னா மாத்தித் தர இங்கன பக்கத்துல கடை கிடையாது. திருநெல்வேலி போகணும், இல்லேன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து பார்சல். அதான் முதல்லயே கேட்டுக்கிடுதேன்.

ப்ராசஸர்: ரைசன் 7 9800எக்ஸ்3டி
மதர்போர்டு: பி650, 2023 ஸ்டாக், சீல் பிரிக்காதது, விலை குறைச்சலா வருது
ரேம்: டிடிஆர்5 6000, 16 ஜிபி குச்சி நாலு
கிராஃபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 5080, மூணு ஃபேன் மாடல், நீளம் 331 மி.மீ.
ப்ராசஸர் கூலர்: லிக்விட், 360 மி.மீ. ரேடியேட்டர், முன்பக்கம் மாட்ட
கேபினட்: கார்டுக்கு 370 மி.மீ. இடம்னு போட்டிருக்கான்
எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை): பழைய மெஷின்ல இருக்க 750 வாட், மாடுலர் (கேபிளக் கழட்டி மாட்டலாம்)
யுபிஎஸ்: வீட்டுல இருக்க 600 விஏ

ஆன்லைன்ல ஒரு சைட்ல போட்டுப் பார்த்தா எல்லாத்துக்கும் பச்சை டிக் காட்டுது. டவுன்ல ஒரு கடைக்கார அண்ணாச்சி, "இதுல பாதி சேராது டே"ங்காரு. எது சேராதுன்னு கேட்டா, "எங்கிட்டயே மொத்தமா வாங்கிரு"ங்காரு. யாரை நம்ப?

பாளை போர்டுக்காரன்:

அண்ணாச்சி யாவாரம் பேசினாலும் சொன்னது நிசம்தான் தம்பி. போர்டுக்கும் ப்ராசஸர் சிப்புக்கும் சாக்கெட் ஒண்ணுதான், ஏஎம்5, அதைப் பார்த்துட்டு சைட் பச்சை காட்டுது.

முதல்ல போர்டு. பி650 வந்தது 2022-ல. உன் சிப் வந்தது 2024 நவம்பர்ல. 2023-ல பேக் பண்ணின போர்டுல இருக்க பயாஸுக்கு (மெஷினை எழுப்பிவிடுத உள் சாஃப்ட்வேர்) இந்த சிப் யாருன்னே தெரியாது. மாட்டினா ஃபேன் சுத்தும், திரை இருட்டாவே இருக்கும். போர்டுக்குப் பின்னால பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கான்னு மேனுவல்ல பாரு. இருந்தா ப்ராசஸர், ரேம் எதுவும் மாட்டாமலே பயாஸ் மாத்திரலாம். ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணின பென்டிரைவ், மேனுவல் சொல்லுத பேர்ல பயாஸ் ஃபைல், போர்டுல 24 பின், 8 பின் பவர் கேபிள் சொருகின எஸ்எம்பிஎஸ், அவ்வளவுதான் வேணும். லைட் மினுக்கி நிக்கிற வரைக்கும் கைய வைக்காத.

அடுத்து ரேம். நாலு குச்சி போடாத. நாலும் நிறைஞ்சா வேகம் 3600, ரெண்டு போட்டா 5600, சிப் கம்பெனி ஏஎம்டி இதுக்குச் சொல்லுத கணக்கே அதுதான். 6000-ங்கிறது பயாஸ்ல எக்ஸ்போங்கிற செட்டிங் போட்டு ஏத்துத வேகம். ரெண்டு குச்சியில அநேகமா ஓடும், நாலுல தள்ளாடும். 64 ஜிபி வேணும்னா 32 ரெண்டு வாங்கு. கேமுக்கு மட்டும்னா 16 ரெண்டே போதும். சிஎல்30 (ரேம் பதில் சொல்லுத தாமதக் கணக்கு) பார்த்து வாங்கு.

அம்பை டேப்பு:

கேபினட்காரன் போட்ட 370, முன்னால ஒண்ணும் மாட்டாத கணக்கு. ரேடியேட்டர் தடிமன் 27, அதுல மாட்டுத ஃபேன் 25, ஆக 52 போச்சு. மிச்சம் 318. உன் கார்டு 331. நம்பலேன்னா அட்டையக் கார்டு அளவுக்கு வெட்டி உள்ள வச்சுப் பாரு.

தேரிக்காட்டான்:

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிய வெட்டிப் பார்த்தேன். இதே கேபினட்தான் மாமா வீட்டுல இருக்கு, முன்னால 360 ரேடியேட்டர் மாட்டினது. அட்டை ஃபேன்ல இடிச்சு வளைஞ்சு நிக்கி. 13 மி.மீ.தானேன்னு பார்த்தா அதுக்கு வழியே இல்ல. இன்னொண்ணும் தெரிஞ்சுது: கார்டோட மேல்விளிம்புக்கும் சைடு கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு விரல்தான் போகுது. பவர் கேபிள் அங்கனதானே வளையணும்? ரேடியேட்டர மேல மாட்டலாம்னா அங்க 240-தான் பிடிக்கும்.

அம்பை டேப்பு:

ரெண்டு விரல் பத்தாது. முனையில இருந்து மூணு நாலு சென்டிமீட்டர் நேரா வந்த பிறகுதான் அந்தக் கேபிள் வளையணும். ஒட்டி வளைச்சா பின் சரியாப் பொருந்தாம சூடேறும். அகலமான கேபினட் பாரு, இல்லேன்னா உயரம் குறைஞ்ச கார்டு பாரு.

என்னைக் கேட்டா லிக்விடே வேண்டாம். இந்த சிப்புக்கு டிடிபி (சூட்டுக் கணக்கு) 120 வாட். ரெட்டை டவர் ஏர் கூலர் ஒண்ணு போதும், 155 மி.மீ. உயரத்துலயே நல்லது கிடைக்கு. கேபினட் எத்தனை உயரம் வரை ஏத்துக்கிடும்னு மட்டும் பார்த்துக்கோ. முன்னால 370-ல ஃபேனுக்கு 25 போனாலும் 345 கிடைக்கும், கார்டு தாராளமாப் போகும்.

களக்காடு வயர்மேன்:

தம்பி, பில்லுல பாதிய கரண்டுக்கு ஒதுக்கச் சொல்லல, ஆனா அதுல கஞ்சம் பிடிக்காத.

கார்டு 360 வாட். ப்ராசஸர் முழு மூச்சுல 162 வரை இழுக்கும். மிச்சத்தையும் கூட்டினா 600 பக்கம். 750 போதுமேன்னு தோணும். 5080-க்கு அதைச் செய்யுத என்விடியா கேக்குறது 850. கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள கார்டு தன் அளவைத் தாண்டி இழுக்கும். ஏடிஎக்ஸ் 3.0, 3.1-னு புதுத் தரம் போட்ட எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்குத மாதிரி செஞ்சது. பழசு கேம் நடுவுல பொசுக்குனு அணைஞ்சிரும்.

புதுசு வாங்கினா பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள்ல ஒண்ணக்கூட அதுல சொருகிராத. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. ஓட்டை ஒண்ணுபோல இருக்கும், 12 வோல்ட் வேற பின்னுல வரும். எஸ்எஸ்டி புகைஞ்சு வந்தத என் மேசையிலயே பார்த்திருக்கேன்.

600 விஏ யுபிஎஸ்னா 360 வாட் சொச்சம்தான். கேம் ஓடயில கரண்ட் போனா ஒரு கீச்சோட எல்லாம் முடிஞ்சிரும். 1500 விஏ, சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரா வருதது) பாரு. அதுவும் சேவ் பண்ணிட்டு அணைக்கத்தான், விளையாட இல்ல. வீட்டு ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல இதை மாட்டவே செய்யாத.

உங்க பக்கம் இன்னொரு வில்லங்கம் உண்டு. தேரி மணல்ல ஈரம் நிக்காது, எர்த் குழி காஞ்சே கிடக்கும். வயரிங் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லு. ரெண்டு மூணு வோல்ட் காட்டினா சரி, இருபது முப்பதுன்னா குழியச் சரி பண்ணின பிறகு கம்ப்யூட்டரை மாட்டு. ஆனி ஆடிக் காத்துல அந்தச் செம்மண் தூசி எங்கயும் நுழையும். ஃபில்டர் கழட்டிக் கழுவுத மாதிரி கேபினட்டா எடு.

தேரிக்காட்டான்:

கேட்டவரைக்கும் தலை சுத்துது, ஆனா துட்டு மிச்சம். மாத்தினது: 32 ஜிபி ரெண்டு, ஏர் கூலர், அகலமான கேபினட், 850 வாட் ஏடிஎக்ஸ் 3.1. யுபிஎஸ் அடுத்த மாசம். துபாய்ல இருக்க அண்ணன் கார்ட அங்கன இருந்து கொண்டுவரட்டான்னு கேக்கான். அந்த பி650-ல ஃப்ளாஷ்பேக் பட்டன் இல்ல. பயாஸ் மாத்தித் தரணும்னா கடையில தனியா துட்டு கேக்காங்க.

பாளை போர்டுக்காரன்:

கார்டு வாரண்டி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்க வாங்கினதுக்கு இங்க சர்வீஸ் உண்டான்னு எழுத்துல கேட்டு வாங்கு, கஸ்டம்ஸையும் கணக்குல சேரு. ரெண்டும் தெளிவாகலேன்னா இங்கயே பில்லோட வாங்கிரு.

போர்டை விட்டுரு. பயாஸுக்குக் குடுக்குற துட்டையும் சேர்த்தா பி850 போர்டு விலைக்குப் பக்கத்துல வந்திரும். அது 2025 ஜனவரியில வந்தது, உன் சிப்புக்குப் பின்னால. அதனால பெட்டியில இருந்து எடுத்ததும் சிப்பை அதுக்கு அடையாளம் தெரியும். முதல் தடவை ஆன் பண்ணினா ரேமைப் பழக்க சில நிமிசம் திரை கருப்பாவே கிடக்கும், பதறி ஆஃப் பண்ணிராத. மானிட்டர் கேபிளக் கார்டுல சொருகு, போர்டுல இல்ல. படம் வந்ததும் பயாஸ்ல எக்ஸ்போவை ஆன் பண்ணு.