பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து நேராக டேட்டாபேஸுக்கா, நடுவில் ஓஆர்எம் வேண்டுமா?

புதுநிரல்: தினமும் இரவில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். சிஎஸ்வி கோப்பைப் படித்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இரண்டு டேபிள்களில் ஏற்ற வேண்டும், பிறகு ஒரு அறிக்கை எடுக்க வேண்டும். சைகோபிஜி என்ற டிரைவர் (பைத்தானை போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் நூலகம்) வைத்து நேரடியாக எஸ்கியூஎல் எழுதிவிட்டேன். குழுவில் மூத்தவர் பார்த்துவிட்டு, "இது ஆபத்து, எஸ்கியூஎல்ஆல்கெமிக்கு மாற்று" என்கிறார். அது ஒரு ஓஆர்எம், அதாவது டேபிள் வரிகளைப் பைத்தான் ஆப்ஜெக்டுகளாகக் கையாள உதவும் நூலகம். மாற்றத்தான் வேண்டுமா?

ஆந்தை: மாற்றுங்கள். நேரடியாக எழுதும்போது குவெரிக்குள் மதிப்பை எஃப்-ஸ்ட்ரிங்கால் (மாறியின் மதிப்பைச் சரத்துக்குள் நேராக நுழைக்கும் பைத்தான் வழி) ஒட்டிவிடுவது ரொம்ப சுலபம். பெயரில் ஒரு ஒற்றை மேற்கோள்குறி வந்தாலே குவெரி உடையும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் அனுப்பினால் தரவே போய்விடும். ஓஆர்எம் மதிப்பைத் தனியாகப் பிரித்துத்தான் அனுப்பும்.

தரவுக்காரி: டிரைவரும் அதைத்தானே செய்கிறது? பைத்தானின் டிபி-ஏபிஐ 2.0 வந்தது 1999-இல். குவெரி ஒரு பக்கம், மதிப்புகள் ஒரு பக்கம் என்று கொடுக்கும் வழி அதிலேயே இருக்கிறது. மதிப்பு வரும் இடத்தில், எஸ்கியூலைட் டேட்டாபேஸ் என்றால் கேள்விக்குறி, சைகோபிஜி என்றால் சதவீதக்குறியும் எஸ்ஸும். ஓஆர்எம்மிலும் நேரடி எஸ்கியூஎல் எழுத இடம் உண்டு, அங்கே ஒட்டினால் அதே ஓட்டைதான்.

புதுநிரல், ஒன்றைக் கவனியுங்கள். எஸ்கியூலைட்டில் ஒரே ஒரு மதிப்பைக் கொடுக்கும்போது அடைப்புக்குள் கடைசியில் காற்புள்ளி போட வேண்டும். விட்டால் அது டியூப்பிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆகாது. ஐந்தெழுத்துப் பெயரை ஐந்து மதிப்புகளாக எண்ணி, "ஒன்று வேண்டும், ஐந்து வந்திருக்கிறது" என்று பிழை வரும்.

ஆந்தை: டேபிள் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் அந்த வழியில் அனுப்ப முடியாதே. அங்கே மறுபடி ஒட்டத்தான் போகிறார்கள். அப்புறம் டிரான்சாக்‌ஷன். பல குவெரிகளை ஒரே மூட்டையாக முடிக்கும் ஏற்பாடு அது. சைகோபிஜியில் வெறும் செலக்ட் போட்டாலே டிரான்சாக்‌ஷன் திறந்துவிடும். கமிட்டோ (உறுதிசெய்தல்) ரோல்பேக்கோ (ரத்துசெய்தல்) செய்யாமல் ஸ்கிரிப்ட் வேறு வேலையில் நின்றால், அந்த டேபிளின் அமைப்பை மாற்ற ஆல்டர் போடுபவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சைகோபிஜி2-இல் வித் பிளாக் முடிந்தால் கமிட் ஆகும், ஆனால் கனெக்‌ஷன் மூடாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

தரவுக்காரி: பெயருக்கு சைகோபிஜியிலேயே ஐடென்டிஃபையர் என்று தனி வசதி உண்டு. டிரான்சாக்‌ஷன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எஸ்கியூஎல்ஆல்கெமியின் செஷனும் முதல் குவெரியிலேயே டிரான்சாக்‌ஷனைத் திறந்து, நீங்கள் முடிக்கும் வரை பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஓஆர்எம் எங்கே காப்பாற்றுகிறது?

என் உண்மையான கவலை வேகம். ஆயிரம் ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரைத் தொட்டால், ஓஆர்எம் வழக்கமான அமைப்பில் ஆயிரத்தொரு குவெரி வரை போகலாம். இரண்டு டேபிள்களையும் ஒரே குவெரியில் இணைக்கும் ஜாயின் ஒன்று எழுதினால் முடிந்தது. சிஎஸ்வியை மொத்தமாக ஏற்ற போஸ்ட்கிரெஸில் காப்பி கட்டளையே இருக்கிறது, சைகோபிஜி அதை நேராகக் கொடுக்கிறது. இந்த வேலைக்கு ஒவ்வொரு வரியையும் ஆப்ஜெக்டாக்கி ஏற்றுவது வீண் சுமை.

ஆந்தை: முன்கூட்டியே ஜாயின் செய்து எடுக்கச் சொன்னால் ஓஆர்எம்மும் ஒரே குவெரிதான் போடும். தெரியாமல் பயன்படுத்துவதை வைத்துக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். ஏற்றும் வேலைக்குக் காப்பிதான் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அறிக்கைக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினால், சரங்களுக்குள் கிடக்கும் எஸ்கியூஎல்லை ஒவ்வொரு கோப்பாகத் தேடப்போவது யார்?

தரவுக்காரி: ஒரு வியூ (டேட்டாபேஸிலேயே பெயரிட்டுச் சேமித்த குவெரி) போட்டு, அறிக்கை அதை மட்டும் படிக்கட்டும். பெயர் மாறினாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான்.

ஆந்தை: அந்த வியூவை மைகிரேஷன் கோப்பில் (டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கோப்பு) வைத்தால் சரி. யாரோ ஒருவர் கையால் சர்வரில் உருவாக்கி வைத்தால் ஏற்க மாட்டேன்.

புதுநிரல்: மைகிரேஷனில் வைத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: ஒரே கோப்பு தவறுதலாக இரண்டு முறை ஓடினால்?

தரவுக்காரி: முதலில் ஒரு தற்காலிக டேபிளில் காப்பி செய்யுங்கள். அங்கிருந்து உண்மையான டேபிள்களுக்கு இன்சர்ட், ஏற்கெனவே இருக்கும் வரியை விட்டுவிடும் ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங் சேர்த்து. ஆர்டர் எண்ணில் யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது) இருந்தால்தான் இது தடுக்கும். எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்கட்டும், பாதியில் நின்றால் மொத்தமும் ரோல்பேக் ஆகும்.

ஆந்தை: இதில் எனக்கும் மறுப்பில்லை. கமிட் ஆன பிறகு அறிக்கையைத் தனி டிரான்சாக்‌ஷனில் எடுங்கள்.