வி.ஐ.பி. பெப்டைடும் ஓரிரு நிமிடங்களும்

மருதன்: "நரம்புகள் சுரக்கும் வி.ஐ.பி. (வாசோஆக்டிவ் இன்டஸ்டினல் பெப்டைடு) என்ற சிறு புரதத்துண்டு, பிறவியிலேயே அமைந்த இயல்பு நோய்த்தடைகாப்பின் சீற்றத்தைத் தணிக்கும்; முடக்குவாதத்துக்கு அதுவே நாளைய மருந்து" என்று இளவேனில் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 28 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைடு இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே பாதியாகிவிடுகிறது. நிற்காத ஒன்றை மருந்து என்று நோயாளிகளுக்கு ஆசை காட்டலாமா?

இளவேனில்: ஐயா, 2001-இல் மூட்டழற்சி உண்டாக்கிய எலிகளுக்கு இதைச் செலுத்தியபோது நோய் தணிந்தது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லின் ஏற்பியைத் தொட்டு, உள்ளே சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு உயர்ந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பாக்டீரியா நச்சிட்ட மேக்ரோபேஜ்களை நானே சோதித்திருக்கிறேன். அழற்சியை மூட்டும் டி.என்.எஃப். புரதத்தை அளக்கும் தட்டில் (நிறம் அடர்ந்தால் அளவு அதிகம்) மற்றக் குழிகள் அடர் மஞ்சளாக இருக்க, வி.ஐ.பி. சேர்த்த குழிகள் வெளிறிக் கிடந்தன.

மருதன்: தட்டு நோயாளி அல்ல, அம்மா. கோவிட் காலத்தில் அவிப்டாடில் என்ற பெயரில் இதையே சிரை வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். பயனில்லை என்று 2022-இல் ஒரு பெரிய ஆய்வில் அதை நிறுத்தினார்கள். ஓரிரு நிமிடங்கள் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கயல்: குடலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2020-இல் வந்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று, குடலின் நோய்த்தடைச் செல்களான ஐ.எல்.சி.-3 செல்கள், குடல் சுவரைக் காக்கும் இன்டர்லியூகின்-22 புரதத்தைச் சுரப்பதை வி.ஐ.பி. குறைக்கிறது என்றது, மற்றொன்று கூட்டுகிறது என்றது. தணிப்பது என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை இருவரும் முதலில் வரையறுங்கள்.

மருதன்: வரையறை இருக்கட்டும். போன மாதம், சப்ஸ்டன்ஸ் பி என்பது அழற்சியைத் தூண்டும் நியூரோபெப்டைடு (நரம்புகள் சுரக்கும் பெப்டைடு) என்று நான் எழுதியபோதும் இளவேனில் என்னைத்தான் திருத்த வந்தார். அதை நான் மறக்கவில்லை.

இளவேனில்: அன்று நான் மறுத்தது உங்கள் கருத்தை அல்ல, நீங்கள் பேசிய தொனியை. போகட்டும், குடல் சுரக்கும் இயற்கையான ஜி.எல்.பி.-1 ஹார்மோனும் இரத்தத்தில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அதன் சாயலில் செய்த நீரிழிவு மருந்தான செமாக்ளூடைடை இன்று வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறார்களே!

மருதன்: வி.ஐ.பி.-யை அப்படி நீட்டித்தால் என்ன ஆகும் என்பதை வி.ஐ.போமா காட்டுகிறது. கணையக் கட்டி ஒன்று அதை ஓயாமல் சுரக்க, நீராய்ப் போகும் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கி, நோயாளி துவண்டுவிடுகிறார். இந்தப் பெப்டைடு குடலையும் இரத்தக் குழாய்களையும் விட்டுவைக்காது என்பதால்தான் உடல் அதை உடனுக்குடன் வெட்டிவிடுகிறது.

இளவேனில்: அதனால்தான் நோயுள்ள இடத்திலேயே கொடுக்க வேண்டும் என்கிறேன். 2010-இல் வெளியான ஜெர்மனி ஆய்வில், நுரையீரலில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் சார்கோயிடோசிஸ் நோயாளிகள் 20 பேர் நான்கு வாரம் இதை மூச்சில் இழுத்தார்கள். நுரையீரல் செல்களின் டி.என்.எஃப். சுரப்பு குறைந்தது.

மருதன்: ஒப்பீட்டுக் குழு இல்லாத 20 பேர்! இரத்தத்தில் ஓரிரு நிமிடங்கள்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். மூச்சில் இழுப்பதைப் பிறகு பேசலாம்.

இளவேனில்: அதை நான் எங்கே மறுத்தேன், ஐயா?