சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல்: கட்டியது யார், அந்த முட்டைப் பூச்சு என்ன?

ஊர்க்குருவி:
சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கிற வெள்ளைப் பேராலயத்தைப் பற்றி ஒரு சுற்றுலாக் கையேட்டில் "கோல்மன் கட்டியது, மெட்ராஸ் முட்டைப் பூச்சு பூசியது" என்று போட்டிருக்கிறது. இது சரியா? பூச்சில் முட்டை எதற்கு? எங்கள் பழைய வீட்டு முற்றத்துத் தூண்களுக்கும் அந்த முறை ஒத்துவருமா?

பழைய_வரைபடம்:
பாதி சரி. கட்டடக் கலைஞர் கோல்மன் கட்டியது அதே இடத்தில் முன்பு இருந்த ஆலயம். ஸ்காட்லாந்து வணிகர்கள் நிறையப் பணம் கொடுத்ததால், அந்நாட்டின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் பெயர் வந்தது. கூர்கோபுரம் பிற்பாடு 1842-இல் அரசு நில அளவையாளர் தாம்சன் ஏற்றியது. 1845, 1849 என இரண்டு தடவை இடி விழுந்தது. 1852-இல் ஆபத்தென்று மூடி, 1855-இல் இடித்துவிட்டார்கள்.

இன்று நிற்பது கர்னல் ரொனால்ட் மக்பெர்சன் வரைந்தது. இங்கிலாந்தின் நெட்லி மடத்து இடிபாடுகளை மனதில் வைத்து வரைந்த, கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணி. 1856 மார்ச் 4 அன்று அடிக்கல் நாட்டியவர் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். சிங்கப்பூரைக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவிலிருந்து ஆண்ட காலம், திருச்சபையும் அந்தத் திருமண்டலத்துக்குள்தான் இருந்தது. முதல் ஆராதனை 1861 அக்டோபர் 1. பிரதிஷ்டை 1862 ஜனவரி 25, அடுத்த கல்கத்தா பேராயர் காட்டன் கையால். கதீட்ரல், அதாவது பேராயரின் தலைமை ஆலயம், ஆனது 1870-இல்.

கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். கையேடுகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. கொத்து, தச்சு எல்லாம் அவர்கள் கைவேலை.

கோபுரத்தைக் கவனியுங்கள். முதலில் போட்ட திட்டம் கனமான கோபுரம். கட்டும்போதே அஸ்திவாரம் இறங்குகிற அறிகுறி தெரிந்ததால் பாரத்தைக் குறைத்து, லேசான கூர்கோபுரமாக முடித்தார்கள்.

கொத்துக்கரண்டி:
பூச்சு பற்றி நான் சொல்கிறேன். கைதிகளை மேற்பார்த்த பொறியாளர் மக்நேர் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். மணல் கிடையாது, வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்துக் களியாக்கி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலக்க வேண்டும். பூசிக் காய்ந்ததும் படிகக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவினால் பளபளப்பு ஏறும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களும் இந்த வகைதான், அங்கே கடுக்காயும் சேரும்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாக இறுகும், அதற்கு நாளாகும். வெல்லம் இறுகுவதைத் தாமதப்படுத்தி, தேய்க்க அவகாசம் தரும். அளவு மிஞ்சினால் பூச்சு பலமில்லாமல் போகும். வெள்ளைக்கரு பசை, துகள்களைப் பிடித்து மேற்பரப்பை நெருக்கமாக்கும்.

உங்கள் தூணுக்கு: அடிப்பூச்சு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல், 10 முதல் 12 மி.மீ. கனம். மேலே மெல்லிய நயப்பூச்சுகளாக ஏற்றுங்கள், எல்லாம் சேர்ந்து 3 மி.மீ. தாண்ட வேண்டாம். ஒரேயடியாக அப்பினால் வெடிக்கும். சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் நீற்றி, துணியில் வடிகட்டுங்கள். நீறாத கட்டி ஒன்று உள்ளே போனாலும் பூசிய பிறகு ஈரம் பட்டு ஊதி, சுவரில் பொட்டுப் பொட்டாகப் பெயர்த்துவிடும். வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ஊர்க்குருவி:
நன்றி சார். எங்கள் தூண்களில் அங்கங்கே சிமென்ட் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதன் மேலேயே பூசலாமா?

கொத்துக்கரண்டி:
வேண்டாம். செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். பழைய செங்கல் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டபடி இருக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்தால் உப்பு உள்ளேயே படிந்து, ஓரத்துச் சுண்ணாம்பையும் செங்கல்லையும் பொரித்துத் தள்ளும். பிளாஸ்டிக் பெயிண்டும் அதையேதான் செய்யும்.

பழைய_வரைபடம்:
சிங்கப்பூர் ஆலயத்துக்கு நேரில் போனால், இன்னொன்று. அந்த ஆலயத்திலும் 160 வருடத்தில் பலமுறை மராமத்து நடந்திருக்கிறது. கை வைக்கிற இடமெல்லாம் 1861-இன் பூச்சு என்று நினைக்காதீர்கள். மேற்கு வாசலில் கோபுரத்தடியில் நுழைந்து நேரே கிழக்கே போங்கள். பலிபீடத்துக்குப் பின்னால், சிங்கப்பூரின் ஆரம்பகால ஆங்கிலேய ஆட்சியாளர்களான ராஃபிள்ஸ், கிராஃபர்ட், பட்டர்வொர்த் நினைவாக மூன்று வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். 1940-இல் குண்டுவீச்சில் எரிந்த இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தின் ஆணிகளால் செய்த சிலுவையும் உள்ளே இருக்கிறது. பழைய ஆலயத்துக்கு அமெரிக்க விடுதலைப் போராளி பால் ரிவியரின் மகள் மரியா 1843-இல் கொடுத்த மணியை இங்கே தேடாதீர்கள், அது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.