எலும்பில்லாத தொடைக்கறி ஏர் ஃப்ரையரில் ஜவ்வாகிவிடுகிறது, எங்கே தவறுகிறேன்?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு 72 வயதாகிறது. சென்ற ஆண்டு அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, எண்ணெயில் பொரித்த எதையும் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பல் கட்டியிருப்பதால் எலும்போடு கடித்துச் சாப்பிடவும் அவரால் முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் வறுத்த கோழி இல்லாமல் சாப்பிட்டறியாத மனிதர், இப்போது எதுவும் கேட்காமல் ரசம் சோற்றோடு எழுந்துவிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் 4 லிட்டர் கொள்ளளவும் 1,500 வாட் திறனும் உள்ள ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கினோம்.

இதுவரை மூன்று முறை செய்துவிட்டேன், ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. முதல் முறை அரைக் கிலோ எலும்பில்லாத கறியில் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், எலுமிச்சைச் சாறு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து ஊறவைத்து, 200 டிகிரியில் 12 நிமிடம் வைத்தேன். மசாலா மேலே கருகிவிட்டது. கறிவேப்பிலை பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுவதும் நெடி ஏறியது. சில துண்டுகள் ஜவ்வாகவும் சில துண்டுகள் சக்கையாகவும் இருந்தன. இரண்டாம் முறை 160 டிகிரியில் 20 நிமிடம் வைத்தபோது கறி தண்ணீர் விட்டு, நிறமே ஏறாமல், வெந்நீரில் அவித்ததுபோல் வந்தது. மூன்றாம் முறை, அதிக நேரம் வைப்பதால்தான் கடினமாகிறது என்று எண்ணி 180 டிகிரியில் 10 நிமிடத்தில் எடுத்துவிட்டேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே துண்டை வெகுநேரம் மென்று பார்த்துவிட்டு, அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமையலறையில் வேறு இடமில்லாததால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் செருகுகிறேன். முடித்துக் கழற்றும்போது பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. இது இயல்புதானா?

மறுமொழி: ராயபுரத்திலிருந்து

சகோதரி, ஜவ்வாகவும் சக்கையாகவும் ஒரே கூடையில் வந்தது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கடையில் "போன்லெஸ்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத்தான் போடுவார்கள், அல்லது நெஞ்சையும் தொடையையும் கலந்து சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். நெஞ்சுக்கறி சூடு மிஞ்சினால் சக்கையாகும். தொடைக்கறியோ சூடு போதாவிட்டால்தான் ஜவ்வாகும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்று வெந்து பதமாகும் நேரத்தில் மற்றொன்று கெட்டுப்போகும். நெஞ்சுக்கறி வெளிறிய நிறத்தில் நேரான நார்களோடு இருக்கும். தொடைக்கறி சற்றுச் சிவந்து, ஓரத்தில் மஞ்சள் கொழுப்பும் இடையே வெள்ளை ஜவ்வும் ஓடியிருக்கும். அடுத்த முறை கடையில் "தொடை மட்டும், எலும்பை எடுத்து, துண்டு போடாமல் விரித்தபடி" என்று சொல்லிக் கேளுங்கள். ஞாயிறு காலைக் கூட்டத்தில் கடைக்காரர் இதற்கெல்லாம் பொறுமையாக நிற்கமாட்டார். சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுவது நல்லது. அப்படி வாங்கினால் இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறவும் வழியுண்டு.

அதிக நேரம் வைத்ததால் கடினமாகிவிட்டது என்று நீங்கள் நினைத்தது, இந்தக் கறியைப் பொறுத்தவரை தலைகீழான முடிவு. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் கிருமிகளைப் பற்றிய அச்சமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் தொடைக்குள் இருக்கும் ஜவ்வு இளகிக் குழைவதற்கு அந்தச் சூடு போதாது; 80 முதல் 85 டிகிரி வரை போனால்தான் பல் கட்டியவர்களும் மெல்லும் அளவுக்கு மெதுவாகும். நெஞ்சுக்கறியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் சக்கையாகிவிடும். தொடையில் கொழுப்பும் ஜவ்வும் இருப்பதால் அது தாங்கும். நிறத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் தொடைச் சதை இயல்பாகவே சிவந்தது. நன்கு வெந்த பிறகும் இளஞ்சிவப்பு தெரியலாம், அந்த நிறம் போன பிறகும் வேகாமல் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, துண்டின் பக்கவாட்டிலிருந்து தடித்த பகுதியின் நடுவரை செருகிப் பாருங்கள். வயதானவருக்குச் சமைக்கும் வீட்டில் அது வீண் செலவாகாது.

இனி நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கறியைக் கழுவினால் வடித்துவிட்டு, சுத்தமான துணியாலோ காகிதத்தாலோ ஈரம் போக நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். விரித்துவைத்து, தடித்த இடங்களில் கத்தியால் இரண்டு மூன்று கீறல் போட்டால் துண்டு முழுவதும் ஒரே கனமாகப் படியும். தெரிகிற மஞ்சள் கொழுப்பை அறுத்து எறிந்துவிடுங்கள்; தொடையில் நெஞ்சைவிடக் கொழுப்பு கூடுதல் என்பதால் மாமனாருக்கு இது அவசியம். அரைக் கிலோவுக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், காஷ்மீர் மிளகாய்த் தூள், மிளகு போதும். தயிர் தண்ணீராக இருந்தால் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை ஊறும்போது பிழியாமல், தட்டில் வைத்த பிறகு பிழியுங்கள்.

கூடையில் வைப்பதற்கு முன், மேலே தொங்கும் மசாலாவை விரலால் வழித்துவிட வேண்டும். ஈரம் ஆவியாகி முடியும்வரை கறி சிவக்காது என்பதால், ஈர மசாலா திரளாக இருந்தால் மேலே மசாலா கருகும், அடியில் கறி வெளிறியே கிடக்கும். வழித்தபின் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தூவி, ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயை எல்லாத் துண்டுகளுக்கும் பூசுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் எண்ணெயே வேண்டாம் என்றிருப்பது தோலோடு உள்ள தொடைக்குச் சொன்னது. அந்தத் தோலிலிருந்தே கொழுப்பு உருகிவிடும். நம் கடைகளில் தோலை உரித்துத்தான் தருகிறார்கள், அதனால் இந்தச் சிறிதளவு எண்ணெய் இல்லாமல் மேற்பரப்பு வறண்டு தோலாகிவிடும்.

கருவியை ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்கி, 190 டிகிரியில் 7 நிமிடம், திருப்பிப்போட்டு மேலும் 5 முதல் 7 நிமிடம். உங்கள் கூடையில் அரைக் கிலோவை இரண்டு தடவையாகத்தான் வைக்க வேண்டும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் காற்று சுற்ற வழியில்லாமல் விட்ட தண்ணீரிலேயே வேகும். உங்கள் இரண்டாம் முயற்சியில் சூடு குறைவாக இருந்ததோடு இதுவும் சேர்ந்திருக்கிறது. கறிவேப்பிலையில் எண்ணெய் தொட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டால் பறக்காது.

மறுமொழி: கொடுங்கையூரிலிருந்து

என் தாயாருக்காக நான் தொடைக்கறியை இட்லிப் பானையில் கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்து, பிறகு 200 டிகிரியில் ஐந்து நிமிடம் நிறத்துக்காக மட்டும் ஏர் ஃப்ரையரில் வைக்கிறேன். ஜவ்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. சாறு கொஞ்சம் இறங்கிவிடுவது உண்மை. அதை வீணாக்காமல் மிளகு ரசத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி: பெரம்பூரிலிருந்து

அம்மா, நான் முப்பது ஆண்டுகள் மின்பணி செய்தவன். பிளக் தொட முடியாத அளவுக்குச் சுடுவது இயல்பு இல்லை. தயவுசெய்து இன்றே அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவதை நிறுத்துங்கள். 1,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. சாதாரணச் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு உரியது. கீசருக்குப் போடுவதுபோல, எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் இதைப் போட வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பகுதி வீடுகளில் பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு படிவதைக் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் களிம்பினால் தொடர்பு தளர்ந்து, அந்த இடத்திலேயே சூடு ஏறி பிளாஸ்டிக் உருகும். கழற்றிப் பாருங்கள், துளையின் ஓரம் பழுப்பேறியிருந்தால் பாயிண்ட்டையே மாற்றிவிடுங்கள்.

இதற்கும் உங்கள் கறிக்கும் தொடர்பு உண்டு. கோடைக்கால இரவில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால், சூட்டுக் கம்பியின் திறன் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்துவிடும். உங்கள் 1,500 வாட் கருவி 1,130 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். கருவியில் 190 என்று எழுத்து காட்டினாலும் கறியைப் போட்டபின் இழந்த சூட்டை அது மீட்க நேரம் பிடிக்கும், நிமிடக் கணக்கோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு நாள் வெந்த நேரத்தில் இன்னொரு நாள் வேகாமல் போகலாம். ராயபுரம் சகோதரி சொன்ன தெர்மாமீட்டரை நம்புங்கள்.

கேள்வி கேட்டவர், ஒரு வாரம் கழித்து

அக்கா, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துளையின் ஓரம் நீங்கள் சொன்னதுபோலவே பழுப்பேறியிருந்தது. ஒரு பிளக் காலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சற்று உருகியும் இருந்தது. வியாழக்கிழமை ஆளை வரவழைத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டோம். சனிக்கிழமை மாலை தொடை மட்டும் கேட்டு வாங்கியபோது, ஐந்து துண்டுகள் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நின்றன. மூன்றை முதலில் வைத்தேன். 7 நிமிடத்தில் திருப்பும்போது ஓரங்களில் மட்டும் செம்மை ஏறியிருந்தது. மேலும் 6 நிமிடத்தில் தெர்மாமீட்டர் 82 காட்டியது. கத்தி வைத்தபோது நார் பிரிந்து, வெட்டிய இடத்தில் தெளிந்த சாறு கசிந்தது. மாமனார் இரண்டு துண்டுகள் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதில் பாதியைப் பேரனுக்குக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. மீதி இரண்டு துண்டுகளை அதே 13 நிமிடம் வைத்தேன். ஓரம் கருகி, அடித்தட்டிலிருந்து புகையும் வந்தது. ஏன்?

மறுமொழி: ராயபுரத்திலிருந்து

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டாம் தடவை கருவி ஏற்கெனவே உச்சச் சூட்டில் இருக்கிறது, துண்டுகளும் குறைவு. அதனால் 10 நிமிடத்திலேயே தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். புகை வந்தது முதல் தடவை சொட்டிய கொழுப்பு அடித்தட்டில் காய்ந்ததால். கருவியை நிறுத்திவிட்டு, சூடு பார்த்து அதைத் துடைத்து எடுத்த பின், கூடைக்கு அடியில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த துண்டுகளை வையுங்கள்.